ஹ

பாலக்கோட்டில் மோட்டார் காயில் சுற்றிய கையோடு
இரவு பதினொன்றேகாலுக்கு
'ராகிக்களி' என்ற கணக்கை ஏழு நாள் தடுத்தேன்.
பூவனஹள்ளியை அழித்தழித்துப்
பூவனஅள்ளி என்றே எழுதியது அது.
சான்று கேட்டதற்கு
'என் வாய்' என்றது.

சம்பளமில்லாத அதிகாரம்.
கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே ஊரில்
பம்புசெட் இறக்க வேண்டியிருந்தது.
பெயர்ப்பலகையில் ஹ இருந்த இடத்தில்
தார்.
பின்பக்கம் போய்ப் பார்த்தேன்:
பூவனப்பள்ளி.
தேடினால் மூன்றுக்கும் அரசாணை கிடைக்கும்.

கிணற்றுமேட்டில் மோர் நீட்டிய பெண்ணின்
நகக்கண்ணில் கருப்பு.
'இந்த ஊர்ப் பேரு...' என்று இழுத்தேன்.
'அள்ளி' என்றாள், நான் முடிக்குமுன்.

கணக்கின் பின்னாலிருக்கும் ஆளைத் துருவுவது
விதிப்படி குற்றம்.
அந்த விதியை எழுதியவனே நான்.

இன்னொரு சொம்பு மோர் கேட்டேன்.