ஏற்காடு ஏரி, நாலரை மீட்டர் ஆழம்

மூன்றாம் நாளும் ஏரி பதில் சொல்லவில்லை.
துடுப்பை நிறுத்திவிட்டு லூர்துமேரி கேட்டாள்:
"உள்ளே போட்டது செத்துப்போச்சாக்கா?"

சாவதற்கு அதில் பாட்டரியே இல்லை.
உள்ளங்கையளவு பீங்கான் வளையம்,
மேலே ரெசின் பூச்சு,
முந்தாநாள் கல் கட்டி இறக்கியது.

ரேடியோ இங்கே உதவாது.
செல்போனை உறையில் கட்டி ஒரு முழம் அமிழ்த்தினால்
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்துபோகும்.
தண்ணீருக்குத் தெரிந்தது சத்தம்தான்.
ஆகவே படகிலிருந்து ஒரு கருவி வழியே கத்துகிறேன்,
காதுக்கு எட்டியும் எட்டாத
ஒரே சுருதியில், விடாமல்.
வளையம் என் கத்தலைத் தின்று
அந்தத் தெம்பில் விழிக்க வேண்டும்.
பிறகு,
வந்த சத்தத்தைத் திருப்பி எறிந்தால் ஒன்று.
விழுங்கிவிட்டால் சுழி.
தன் குரல் என்று அதற்கு எதுவும் கிடையாது.
என் குரலில் ஒரு கதவைத்
திறந்து மூடுவதுதான் அதன் பேச்சு.

எனக்குக் கேட்டதெல்லாம்
பெடல் படகுகள்,
ஞாயிற்றுக்கிழமைக் கூச்சல்,
ஏரி நடுவே ஓயாத நீரூற்று.
ஹைட்ரோபோனில் அது
தகரக் கூரைமேல் ஐப்பசி மழை.

அம்மா ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் இருந்த வருடங்களில்
ஒரு மணி அடித்து நின்றால், வீடு வந்துவிட்டேன்.
இரண்டு என்றால், இன்றைக்கும் இரட்டை ஷிப்ட்.
மூன்று என்றால், உன் காசில் நீ கூப்பிடு.
அவசரப்பட்டு எடுத்துவிட்டால் திட்டுவாள்.
எடுக்காமல் இருப்பதுதான் கேட்பது.
பத்து ரூபாய் ரீசார்ஜ் மாசக்கணக்கில் ஓடும்.
மாவு காய்ந்த விரல்
சிவப்புப் பொத்தானுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை.
ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில்
இதை எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை.

நாலு பத்துக்குக் கரண்ட் போனது.

நீரூற்று தன் உயரத்தைக் கைவிட்டு
ஏரிக்குள் உட்கார்ந்தது.
ஐஸ்கிரீம் கடை ஸ்பீக்கர் பாதிச் சொல்லில் நின்றது.
சேர்வராயன் பக்கமிருந்து பனி இறங்க
விசில் ஊதிப் பெடல் படகுகளைக் கரைக்கு அழைத்தார்கள்.
லூர்துமேரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்,
நுனி சொட்டாமல் புடவைத் தலைப்பில் பிடித்தபடி.
நான் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றியிருக்கிறது.

லேப்டாப்பில் பதினெட்டு சதவீதம் சார்ஜ்.
தட்டைக் கோட்டில்
புல்லரித்ததுபோல் ஒரு மேடு.
பள்ளம். பள்ளம்.
மேடு. மேடு.

"என்னக்கா சொல்லுது?"
"பத்தொன்பது டிகிரியாம், அடியில."
"இதுக்கா மூணு நாளு?
கைய விட்டாத் தெரியாதா?"
விட்டாள். மணிக்கட்டு வரை.
நாலரை மீட்டரில் மீதி அப்படியே இருந்தது.

கரையில் ஜெனரேட்டரை யாரோ
இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள்.
அது பற்றிக்கொள்வதற்குள்
அடியிலிருந்து மறுபடியும்,
மேடு, பள்ளம்.
என் கத்தலைத் தவிர வேறெதையும் தொடவில்லை.
அடித்து முடிக்கட்டும் என்று
கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.