பதினைந்து நாளில் பழகிடும்

"இதா, முந்தினதா? எது தெளிவு?"
சில்லை மாற்றி மாற்றிக் கேட்கிறாள்
கீழக்கரை கண்ணாடிக் கடை மெஹராஜ் பானு.
ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லக் கூச்சம்.
ஏதோ ஒன்றைச் சொன்னேன்.
கடைசி வரி ‘ப’வை நான் ‘ட’ என்றபோது
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.

ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.
மேலே தூரம், நடுவில் ஆள் முகம், கீழே எழுத்து.
கோடு கிடையாது,
ஆனால் எல்லை உண்டு.
"மூக்கை எங்கே திருப்புறீங்களோ அங்கேதான் பார்வை.
பதினைந்து நாளில் பழகிடும்."

முதல் நாள்
மண்டபம் தோணித்துறைப் படி
என் காலுக்கு முன்னே இறங்கிப் போனது.
கடல் இரண்டு ஓரத்திலும் வளைந்திருந்தது.
சோற்றில் கிடந்த நெத்திலிக்குக்
கண் இருந்தது.
யார் பேசினாலும் தலையாட்டுகிறேனாம்.
"அக்கா சரின்னுட்டாங்க" என்று
முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிப் போனான் நம்புராஜன்.

ஒன்பதாம் நாள் நண்டுக் கம்பெனியில்
நாடியைத் தூக்கித் தராசைப் பார்த்தேன்.
3.850.
நாடியை இறக்கினேன்.
3.350.
மறுபடி தூக்கினேன்.
எட்டின் இடப்பக்கம் மூடித்தான் இருக்கிறது.

கணக்கு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்,
ஆனி, வைகாசி, போன வருஷத்துத் தை.
மூன்று. மூன்று.
என் கையெழுத்தில் எத்தனை மூன்று.
இதில் எவை மூன்று?

நான்கடி தள்ளிக் கூடையோடு குஞ்சாரம்.
"இன்னைக்கும் மூணு முந்நூத்தம்பதுதானாக்கா?"

அவள் முகத்தைப் பிடிக்கத்
தலையை மேலும் கீழும்
ஆட்டுகிறேன்.

சரி என்று
கூடையை எடுத்துக்கொண்டு நடக்கிறாள்.