வாசலிலிருந்து எத்தனை மீட்டர்

வோம்ஷாவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்.
கதவில் போகுமிவா ஒட்டியிருந்தாள்:
எல்லோருக்கும் எல்லா விதமான இணையதளங்களும்.

எல்லோரும் என்றால் அப்போது பதினோரு பேர்.
நோட்டரி ஒருவர், ரொட்டிக்கடை, நடனப்பள்ளி,
விதை உருளைக்கிழங்கு விற்கும் அண்ணன் தம்பி,
தன் நாய்க்கும் ஒரு பக்கம் கேட்ட பல் மருத்துவர்.
காலையில் ரொட்டி பற்றிப் படிப்பேன்,
மதியம் உயில் பற்றி,
விளக்கு வைப்பதற்குள் இரண்டும் மறந்துபோகும்.
ஒவ்வொரு வேலைக்கும் பள்ளிக்கூடத்து முதல் நாள்.
ஒவ்வொரு பில்லுக்கும் பேரம்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு
போகுமிவா வீட்டில் பதினான்கு விருந்தாளிகள்.
வீடு ஊருக்கு வெளியே. சாக்கடைக் குழாய் அதுவரை வரவில்லை,
புல்வெளிக்கு அடியில்தான் கழிவுத்தொட்டி.
அது நிரம்பிவிட்டதைக்
குளியலறைத் தரை முதலில் சொன்னது.

ஒரு கையில் துடைப்பம், மறு கையில் போன்.
தேடினாள்.
முதல் தளத்தில் ஓர் அருவி.
அடுத்ததில் வெள்ளைச் சட்டைக் குடும்பம் ஒன்று சிரித்தது.
அதற்கடுத்ததில் ‘எங்கள் தொலைநோக்கு’.
எண்ணோ எங்கோ அடியில்,
சாம்பல் நிறத்தில், எறும்பளவில்.
"காலடியில் இருப்பதை விட்டுவிட்டு
இவன் எதற்குத் தொலைவில் நோக்குகிறான்?"

கெர்வாசி வந்தபோது மணி ஒன்று.
அவன் குழாய் முப்பது மீட்டர்.
தொட்டி முப்பத்தெட்டில்.
திரும்பிப் போய் மிச்சத்தை எடுத்துவந்தான்,
யாரையும் திட்டாமல்.
அருவி அவனுடையதுதான்.
மச்சான் போட்டுக்கொடுத்தானாம்.

பண்டிகை முடியவில்லை, போகுமிவா உட்கார்ந்துவிட்டாள்.
திரை முழுக்க ஒரே பொத்தான்: அழை.
நனைந்த கட்டைவிரலுக்குத் தக்க அகலம்.
அதன் கீழே ஒரே கேள்வி:
வாசலிலிருந்து தொட்டி வரை எத்தனை மீட்டர்?

ஜூனில் கெர்வாசி இரண்டாவது லாரி வாங்கினான்.
சுவாவ்கியிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார்,
எவ்க்கிலிருந்து கணவன் போனபின் தானே லாரி ஓட்டும் ஒருத்தி.
பிறகு கெர்வாசியின் போட்டியாளன், அடுத்த தெருக்காரன்,
இரண்டு மடங்கு தருகிறேன் என்றான்.
என் கை நீண்டுவிட்டது.
போகுமிவா அதைத் தட்டிவிட்டாள்:
"ஒரே வீட்டுக்கு இரண்டு லாரியை
நான் எப்படி அனுப்புவேன்?"
மாவட்டத்துக்கு ஒருவர். அன்றோடு சட்டம்.

பழைய பதினோரு பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
ரொட்டிக்கடை ஹொனோராட்டா கோபப்படவில்லை.
"எங்கள் ரொட்டியை விட அதுவா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
அந்தத் தெரு வழியே இப்போதும் நான் போவதில்லை.

அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள்.
சொன்னவர் எங்கள் ஆழத்தைப் பார்த்ததில்லை:
இரண்டரை மீட்டர், கான்கிரீட் மூடி.

தங்கை கல்யாணத்தில் சம்பந்தி கேட்டார், என்ன தொழில் என்று.
மென்பொருள் என்றேன்.
போகுமிவா என்றால் உள்ளதைச் சொல்லியிருப்பாள்,
மேசையில் மூன்று பேர் எண் வாங்கியிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு ஒன்பதுக்கு அழைப்புகள் ஏறும்,
மே மாதம், முதல் நற்கருணை விருந்துகளின் மறுநாள் மறுபடி.
மூடி உறைந்துவிட்டால் என்ன செய்வது என்று
நான் எழுதிய பக்கத்தைத்தான்
ஜனவரியில் எல்லோரும் படிக்கிறார்கள்.
வெந்நீர் ஊற்றாதீர்கள் என்பது முதல் வரி.
வாழ்நாளில் நான் எழுதியதில்
அதிகம் பேர் படித்த வரி.

ஆகஸ்டில் பால்டிக் கரைக்குப் போனோம்.
மேட்டின்மேல் ஒரு வெள்ளை வீடு,
வேலியெல்லாம் நீலப் பூ, பின்னால் கடல்.
கூட வந்தவள் என் கையைப் பிடித்து
என்ன அழகு, இல்லையா என்றாள்.

புல்வெளியில் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அதோ, ஊஞ்சலுக்குப் பக்கத்தில்.
வாசலிலிருந்து நாற்பது இருக்கும்.
நடுவில் ஒரு வளைவு வேறு.