தறி நின்ற வாரம்

பிளக்கைச் சொருகியதும் எழும்பும்
நான் வாசிக்காத ஒரு சுரம்.
ஜி-க்கு மயிரிழை மேலே,
ஜி ஷார்ப்புக்குப் போய்ச் சேராமல்
நடுவழியில் நின்ற பஸ் மாதிரி
உறுமிக்கொண்டே இருக்கும்.

மூன்று வருஷமாய்ப் பழி முழுக்கத் தறிக்கு.
பின்சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் குடோன்,
பதினாறு தறி, பதினாறு மோட்டார்.
ராத்திரி ஷிப்டில் நாடா அடிக்கிற அடியில்
என் மேசையில் தம்ளர் நகரும்.
இதற்கு நடுவில் ஒரு கிதார்
எப்படிச் சும்மா இருக்கும் என்று
கேட்காதவர்களிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை.
கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில்
செப்புத் தாள் வாங்கிக்
கிதார் வயிற்றுக்குள் ஒட்டினேன்.
கரகரப்பு போனது. உறுமல் போகவில்லை.
"முடியாட்டக் கம்பிய ஏழாயிரம் சுத்து சுத்தி வெச்சா
அது காதுங்க," என்றார் கடைக்காரர்.
"ஊர்ல ஓடற கரண்டெல்லாம்
அதுக்குக் கேக்கத்தானுங் செய்யும்."

ரெட்டைக் காயில் பிக்கப் மாட்டு, அடங்கிவிடும் என்றான்
கருமத்தம்பட்டி கோயிரில் ஜெபமாலை.
அடங்கும்.
கூடவே அந்த மெலிந்த கண்ணாடிக் குரலும்
நெய் தடவினாற்போல் ஆகிவிடும்.
நடு பிக்கப்பையும் கழுத்து பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால்
எதிரெதிராய்ச் சுற்றிய இரண்டும்
ஒன்றின் உறுமலை ஒன்று தின்றுவிடும், அதுவும் தெரியும்.
எல்லாப் பாட்டையும்
அங்கேயே குடியிருந்து வாசிக்க முடியுமா?

பங்குனியில் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக்.
சோமனூரில் ஒரு தறி அசையவில்லை.
கரண்டு மட்டும் இருந்தது.
இதற்குத்தானே காத்திருந்தேன்.
கதவைச் சாத்தி, வால்யூமைப் பத்துக்கு வைத்தால்

அதே சுரம்.
அதே மயிரிழை.

அரை மணியில் கதவு தட்டினார்கள்.
சங்கத்து ஆட்கள் நாலு பேர், கடைசியாய்ச் சென்னியப்பன்.
"ஏனுங், ஊரே நிறுத்திப்போட்டு உக்காந்திருக்குது,
இங்க யாருங் மோட்டார் ஓட்டறது?"

கிதாரைக் காட்டினேன்.
"வாசிக்காமயே சத்தம் வருதுங்களா?"
வருதுங்.
"நிறுத்த முடியாதுங்களா?"
திரும்பி உக்காந்தா கொறையுமுங்.

நாற்காலியோடு திரும்பினேன்.
பீரோப் பக்கம் உறுமல்.
ஜன்னல் பக்கம் இன்னும் மோசம்.
சமையலறைக் கதவுக்கு நேராகத் தென்கிழக்கே பார்த்தபோது
மடையைத் திறந்துவிட்டதுபோல் வடிந்து
ஒன்றுமில்லாமல் போனது.
நாலு பேரும் அசையாமல் நின்றார்கள்.
"அக்கினி மூலை," என்றார் சென்னியப்பன்
மெதுவாக, யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு
ஒவ்வொன்றாய் அணைத்துப் பார்த்தேன்.
டியூப் லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், பிரிட்ஜ்.
கட்டிலுக்கு அடியில் இன்வெர்ட்டர்:
அதில் பாதி போனது.
மீதிப் பாதி ஆம்புக்குள்ளேயே
டிரான்ஸ்பார்மராக உட்கார்ந்திருந்தது.
தினமும் அதன் மேல் கால் வைத்துக்கொண்டுதான்
தறிக்காரரைத் திட்டியிருக்கிறேன்.
இதைச் சென்னியப்பனிடம் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் பேசி முடித்தார்கள்,
கேட்டதில் பாதி.
அன்று சாயங்காலம் டியூனரை மூடிவைத்துவிட்டு
அந்த உறுமலுக்கே ஆறு கம்பியையும் ஏற்றினேன்.
முப்பத்தைந்து சென்ட்.
எங்கள் பக்கம் சென்ட் என்றால் நிலம்,
அவ்வளவை விற்றுத்தான்
பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறியே வந்தது.

கோயிர் கீபோர்டோடு இது சேராது.
ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கிக்கொள்ள வேண்டும்,
ஜெபமாலை முகம் சுளிப்பதற்குள்.

எட்டு மணிக்கு முதல் தறி ஓடியது.
பிறகு மற்றதும்.
தம்ளர் மேசை விளிம்புக்கு வந்திருந்தது, தள்ளி வைத்தேன்.
ஜி அடித்தேன்.
அது எதிலும் மோதவில்லை.