விலை ஒட்டியவள்

பதினோரு வருஷம் விலை ஒட்டினேன்,
பாயியா பிளாங்காவில், துறைமுகச் சாலைப் பேரங்காடியில்.
கடை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்.
நானும் என் விலைத் துப்பாக்கியும்.
டிக். டிக்.
பழைய சீட்டை உரித்துக்கொண்டிருக்காதே,
மேலேயே ஒட்டு என்பான் ஃபாபிரிசியோ.
எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில்
சில சமயம் ஏழு சீட்டு கனத்துக் கிடக்கும்.
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்வேன்
இது மார்ச்சிலிருந்து இங்கேயே நிற்கிறதென்று.

காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை
என்றிருந்த வாரங்களும் உண்டு.
ஆனால் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கும்போது
அவர் எதிரில் நான் ஒட்டியதே இல்லை.
அவர் நகரும்வரை
குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவேன்.
நாடாவே இல்லாத ஷூ அது.

அப்புறம் அலமாரி விளிம்பெல்லாம்
தீப்பெட்டி அளவில் திரைகள் வந்தன.
எங்கோ தலைநகரில் யாரோ ஒரு பொத்தானை அமுக்க
மொத்தக் கடையும் ஒருமுறை கண் சிமிட்டியது.
அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள்.

இப்போது உதவித்தொகை வருகிறது.
வரவில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறது.
பணப்பொறி முன்னால் எங்கள் வரிசை
காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.
ஜூலைக் காற்று, கடலிலிருந்து,
உப்பும் மீனெண்ணெயும்.

தொகை ஏறுமா என்று கேட்டேன்.
குறைந்தபட்சக் கூலி ஏறினால் ஏறும் என்றாள் கவுன்ட்டர்காரி.
குறைந்தபட்சக் கூலி நடந்து வருகிறது, அம்மா,
பால் பஸ் ஏறிப் போய்விட்டது என்றேன்.
சிரித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பி
ஒரு வரியைக் காட்டினாள்:
ஐந்தாம் மாதத்திலிருந்து தொகை மாறும்.
கீழ்ப்பக்கமாக.

சொல்ல வெட்கமில்லை.
ஒரு மாதம் கேஸ் சிலிண்டர்,
ஒரு மாதம் லௌதாரோவின் கடைவாய்ப் பல்.
இரண்டும் ஒரே மாதத்தில் வலித்தால்
பல்லைத்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன்.
அவன் கோபத்தில் பேசாமலிருப்பதும்
வலியில் பேசாமலிருப்பதும்
எனக்கு ஒன்றாகவே கேட்கிறது.

நேற்று பழைய கடைக்குப் போனேன்,
நூடுல்ஸ் வாங்க மட்டும்.
அடித்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால்,
பாகில் ஊறும் பீச் பழம், ஒரே ஒரு டப்பா,
தலையில் தூசி.
அதன் மேல் காகிதச் சீட்டு.
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
நான்தான் அப்படி ஒட்டுவேன்.

அந்த விலைக்கு என்னிடம் காசிருந்தது.
மிச்சம்கூட வரும்.

ரோமினா அதைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
இயந்திரம் இன்றைய எண்ணைச் சொன்னது.
"பேப்பரை இது படிக்காது, நெலிடா."
தெரியும் என்றேன்.
தெரியும், ஒருதரம் கேட்டுப் பார்க்கலாமே என்றிருந்தது.

நகத்தால் மெல்ல உரித்தேன் சீட்டை.
கிழியாமல் வந்தது. நல்ல பசை.
அதை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு
டப்பாவைத் திருப்பி வைக்க எங்கே வைப்பது என்று
தடுமாறியபோது
ரோமினா குனிந்து
ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள்.

எட்டிப் பார்த்தேன்.
ரப்பர் செருப்பு போட்டிருந்தாள்.