சில இடங்களில்

கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில்
வடக்குக்கு ஒரே ஒரு வரி:
பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்
சில இடங்களில்
இடியுடன் கூடிய மழை.

பங்குனி பதினெட்டு.
மழை பிடித்து இன்றோடு ஆறாம் நாள்.
காலை எட்டரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு
ஈரப்புல்லில் நடந்துபோய்
மழைமானியைத் திறந்தேன்.
பதினொன்று தசம் நான்கு.
உள்ளே ஒரு வேப்பம்பூ மிதந்தது.
பூவுக்கு எவ்வளவு கழிப்பதென்று
எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அச்சுவேலியிலிருந்து
பூலோகநாதன்.
"தங்கச்சி, வெங்காயம் கிண்டி வெளியிலை கிடக்கு.
தறப்பாள் ஒண்டுதான் இருக்கு.
மூடுறதோ, காயவிடுறதோ?"
"சில இடங்களில் எண்டு போட்டிருக்கு அண்ணை."
"அந்தச் சிலதுக்குள்ளை நான் நிக்கிறனோ?"

நிகழ்தகவு அறுபது வீதம் என்றேன்.
சற்று நேரம் மௌனம்.
பின்னால் லாண்ட்மாஸ்டர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.
"அப்ப அறுபது வீதத்தை மூடிப்போட்டு
மிச்சத்தை விடட்டோ?"
பகிடியா, கேள்வியா என்று
குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

குருநகர் மக்டலின் அக்கா
கருவாட்டுப் பாயை விரித்த கையோடு எடுத்தாள்.
கோப்பாயில் மண்டபக்காரர் ஒருவர்
மணவறையை வெளியில் போடலாமா என்று கேட்டு,
நான் வாய் திறக்குமுன்
"போட்டாச்சு" என்றார்.
பிறகு ஒரு சின்னக் குரல்:
"மிஸ், இண்டைக்கு விளையாட்டுப்போட்டி நிக்குமோ?"
நிற்கவேண்டுமென்ற ஆசை
அந்த 'மோ'வில் ஒளிந்திருந்தது.
ஓட்டத்தில் கடைசியாய் வருகிற பிள்ளையாக இருக்கும்.
நானும் அப்படித்தான் ஓடினேன்.
"பாப்பம்" என்றேன்.

செய்மதிப் படத்தில் முல்லைத்தீவுக்கு மேலே
வெள்ளையாய் ஒரு திரட்சி.
பதினைந்து நிமிடத்துக்கொரு படம்;
ஒவ்வொன்றிலும் அது
வேறொரு விலங்கு.
காற்று கொண்டலில் நின்றது,
பிறகு கச்சானுக்குத் திரும்பியது,
பிறகு திசைகாட்டியின் வால்
எங்கே போவதென்று தெரியாமல்
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.
வெயிலோ தலையைப் பிளந்தது.
இரண்டு மணிக்கு
உள்ளங்கையில் பேனை வழுக்கிற்று.

இரண்டு நாற்பதுக்குக் கோண்டாவில் பக்கம்
வானம் கத்தரிக்காய் நிறமானது.
முதல் இடி. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
வந்தது மழை,
வீதிக்கு அந்தப் பக்கத்தில் மட்டும்.
கடைக்காரர்கள் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில்
சைக்கிளோடு ஐந்து பேர் நெருங்கி நின்றார்கள்.
இந்தப் பக்கம், எங்கள் வளவில்
நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
தலைமயிர்கூட நனையவில்லை.
மண் மணம் மட்டும்
வீதியைக் கடந்து வந்தது.

மழைமானியைப் பார்த்தேன்.
அடியில் ஈரம்; அளக்க எதுவுமில்லை.
அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: சுவடு.
நூறு யார் தள்ளி ஒரு வாய்க்கால் நிறைந்து ஓட,
புத்தகத்தில் நான்
சுவடு என்று எழுதினேன்.
சட்டப்படி அது சரி.

ஐந்தரைக்குப் பூலோகநாதன்.
பேச்சு வாங்கத் தயாராகவே எடுத்தேன்.
"தங்கச்சி, கிணத்தடி வரைக்கும் வந்துது.
நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.
தொட்டியிலை பாதி நனைஞ்சுது, பாதி காய்ஞ்சபடி.
வெங்காயத்திலை ஒரு சொட்டும் விழேல்லை.
எழுதி வையும்."
எழுத எங்களிடம் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
அச்சுவேலி, கிணற்றுத் தொட்டி, பாதி.

அந்தப் பிள்ளையின் போட்டி என்னவானதோ தெரியாது.

ஆறு மணிக்கு நாளைக்கான வரி வந்தது.
இன்றைய வரியேதான்,
திகதி மட்டும் வேறு.
கீழே ஒப்பமிட்டேன்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
கோண்டாவிலில், என் வீட்டுக் கொடியில்,
காலையில் நான் நம்பிப் போட்ட
இரண்டு படுக்கை விரிப்பும்
ஒரு பள்ளிக்கூடச் சட்டையும்.