இருப்புப் பதிவேடு

மெத்தனால், அரை லிட்டர்.
அதற்கு உரிமம் ஒன்று, பூட்டு இரண்டு,
மாதத்துக்கொரு முறை
மன்னார்குடி ஸ்டேஷனிலிருந்து ஏட்டு விண்ணரசி.

பாமணியில் இன்னும் தண்ணீர் வரவில்லை.
பதினொன்றரைக்கு மும்முனைக் கரண்ட் விட்டதும்
சுற்றுப்பட்டு போர் மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் இழுக்க,
என் ஆயிரத்து இருநூறு வோல்ட்
ஆயிரத்து நூறுக்குக் குனிந்து நிமிரும்.
நாற்றங்காலுக்குப் பிறகுதான் நான்.

"போன மாசத்துக்கு முப்பத்தெட்டு மில்லி குறையுது.
எங்க போச்சு?"

பாதி ஆவியாச்சு, வைகாசி வெயில், என்றேன்.
மீதி இங்கே:
கண்ணாடிக் குடுவைக்குள்
கிராஃபைட் ஒரு பக்கம், சிலிக்கான் சில்லு ஒரு பக்கம்,
நடுவே ஏழு மில்லிமீட்டர் சாராய வாடை.
சில்லின் முகத்தில் பொடிப்பொடியாய்க் குமிழி,
கொதி வருமுன் உலையரிசி விடும் மூச்சு போல.
உடைந்த மூலக்கூறு ஒவ்வொன்றும்
தன் கரியை மட்டும் அங்கே வைத்துவிட்டுப் போகிறது.
முதல் பதினாறு சில்லில் வெங்காயச் சருகாய் உரிந்தது.
அதையும் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை.

அவர் குடுவையைப் பார்க்கவில்லை.
"இதக் குடிச்சவங்களப் பாத்திருக்கீங்களா மேடம்?
கண்ணுதான் மொதல்ல போவும்.
வெளக்கப் போடு, வெளக்கப் போடுன்னு கத்துவாங்க.
பட்டப்பகல்ல."

மில்லிஆம்பியர் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.
படலம் தடிக்கத் தடிக்கத் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்;
அது நல்ல அறிகுறி என்று
அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது.

நேற்றைய சில்லை எடுத்துக் கொடுத்தேன்.
ஓரத்தில் ஊதா, நடுவில் வாத்துக் கழுத்துப் பச்சை.
கீறிப் பாருங்கள்.
பைக் சாவியால் கீறினார்.
இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு.
பித்தளை நிறத்தில் ஒரு கோடு.
கட்டைவிரலால் துடைத்தார், கோடு விரலோடு வந்தது.
"தேஞ்சது என் சாவியா!"

பதிவேட்டில் வரவு, செலவு, மீதம், மூன்றே கட்டம்.
படலத்தின் எடை எங்கள் தராசுக்கு எட்டாது.
எதை எழுத?

"ஆவின்னே எழுதுங்க.
மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன்,
கொஞ்சம் கல்லாயிருச்சுன்னு."

கையெழுத்துப் போட்டார்.
பாட்டில் மூடியை இன்னொரு சுற்று இறுக்கித் திருகினார்.
வாசலில் ஹெல்மெட்டை மாட்டுமுன்
சாவியை வெயிலில் தூக்கிப் பிடித்துப்
பார்த்துக்கொண்டே நின்றார்.